தண்ணீருக்கு அடியில் ஒரு கிராமம்

நம்ம கல்லூரியில் சரித்திரம் எடுத்துப் படித்தவர்களுக்கு இங்கிலாந்து வரலாறு என்ற தாள் மறந்திருக்காது. ராஜாக்கள், ராணிகள், போர்கள், ஒப்பந்தங்கள் என்று பக்கம் பக்கமாக வரும். அதில் வேல்ஸ் என்ற நாட்டுக்குக் கிடைக்கும் இடம் மிஞ்சிப் போனால் இரண்டு வரி. 1282-இல் முதலாம் எட்வர்டின் படையிடம் கடைசி இளவரசன் லெவலின் மாண்டான். 1536-இல் எட்டாம் ஹென்றி சட்டம் போட்டு வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்துக்கொண்டான். அவ்வளவுதான். அதே 1536 சட்டம், வேல்ஸ் நாட்டு நீதிமன்றங்களில் இனி ஆங்கிலம்தான் என்றும் வேல்ஷ் மட்டுமே பேசுகிறவனுக்கு அரசுப் பதவி கிடையாது என்றும் சொன்னதைப் பல பாடப் புத்தகங்கள் விட்டுவிடும்.

இந்த மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை என்றதும், அந்த இரண்டு வரிக்குள் அடங்காத ஒரு சின்ன ஊரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அந்த ஊருக்கு ராஜா கிடையாது, கோட்டை கிடையாது, போரும் நடந்ததில்லை. பன்னிரண்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் ஆபீஸ், ஒரு ஜெபக்கூடம், அதையொட்டி ஒரு கல்லறைத் தோட்டம். இவ்வளவுதான் ஊர். பெயர் கப்பெல் கெலின். இன்றைக்கு அந்த ஊர் இல்லை. 1965 முதல் அது ஓர் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் அது மூழ்கிய பிறகுதான் வேல்ஸ் முழுவதும் அதன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. எப்படி என்று பார்ப்போம்.

ஊரும் சுற்றுப்புறமும்

வடக்கு வேல்ஸில் மெரியோனித் என்று ஒரு பழைய மாவட்டம். அங்கே பாலா என்று ஒரு சிறிய நகரம். (பெயரைக் கேட்டதும் நம் வகுப்பு பாலா யாராவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!) பாலாவிலிருந்து வடமேற்கே சில மைல் போனால் ட்ரவெரின் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு. இருபுறமும் மேய்ச்சல் மலை, நடுவில் ஆறு, ஆற்றோரம் பசும்புல் நிலம். அந்தப் பள்ளத்தாக்கில்தான் நம்ம ஊர் இருந்தது.

வேல்ஷ் மொழியில் கப்பெல் என்றால் ஜெபக்கூடம். கெலின் என்றால், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சிவப்புப் பழமும் முள் இலையுமாக வரைந்திருப்பார்களே, அந்த மரம். ஜெபக்கூடத்தை வைத்தே ஊருக்குப் பெயர் என்பதிலிருந்து அங்கே எது மையம் என்று புரிந்துகொள்ளலாம். ஜனங்களுக்குத் தொழில் ஆடு வளர்ப்பு, கொஞ்சம் மாடு, கொஞ்சம் பயிர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம், வார நாட்களில் பைபிள் வகுப்பு, குளிர்கால இரவுகளில் யார் வீட்டிலாவது கூடிப் பாட்டு. யாழ் வாசிக்க, அதன் மெட்டோடு இழைய வேறொரு மெட்டில் செய்யுளைப் பாடுவது அந்த வட்டாரத்தின் தனிக் கலை. பக்கத்திலிருந்த டைர் வெலின் என்ற மாவரைக்கும் ஆலையின் ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற விவசாயி (1870-1951) பாடிப் பாடியே 1940-களில் பி.பி.சி. வேல்ஷ் வானொலியில் நாடறிந்த பாடகர் ஆனார். வயது எழுபதைத் தாண்டிய பிறகு வந்த புகழ் அது!

ஊரில் புழங்கிய மொழி வேல்ஷ். வீட்டில், கடையில், பள்ளியில், ஜெபக்கூடத்தில் எல்லாமே அதில்தான். 1911 கணக்கெடுப்பில் வேல்ஸ் மக்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வேல்ஷ் பேசினார்கள்; 1951-இல் அது 29 ஆகக் குறைந்துவிட்டது. நாடு பூராவும் மொழி தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் முழுக்க முழுக்க அந்த மொழியிலேயே மூச்சுவிட்ட ஊர்களில் ஒன்று கப்பெல் கெலின். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்ன இடம், பெரிய பழங்கதை

ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்கு, அங்கே என்ன சரித்திரம் இருக்கப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஹாவோட் வாடோக் என்று அங்கே ஒரு பண்ணை வீடு இருந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே கூடி ஜெபித்தார்கள். அரசாங்கத் திருச்சபைக்கு அடங்காதவர்கள் என்பதால் அவர்களுக்கு அபராதம், சிறை, சொத்துப் பறிமுதல் என்று தொல்லை மேல் தொல்லை. 1682-இல் பாலா வட்டாரத்திலிருந்து ஒரு கூட்டம் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போய்க் குடியேறியது. ஹாவோட் வாடோக்கில் க்வேக்கர்களுக்கு ஒரு சிறிய இடுகாடும் இருந்தது. அதுவும் இன்று தண்ணீருக்கு அடியில்தான்.

பிறகு 18-ஆம் நூற்றாண்டில் மெத்தடிஸ்ட் எழுச்சி வந்தது. பாலா அதன் தலைமையிடங்களில் ஒன்று. 1800-இல் மேரி ஜோன்ஸ் என்ற ஏழைப் பெண், வயது பதினைந்து, சிறுகச் சிறுகக் காசு சேர்த்து, தன் மொழியில் ஒரு பைபிள் வாங்க ஏறக்குறைய 25 மைல் மலைப்பாதையில் நடந்து வந்தது பாலாவில் இருந்த தாமஸ் சார்ல்ஸ் என்ற போதகரிடம்தான். அந்தச் சம்பவமும் ஒரு தூண்டுதலாகி 1804-இல் பைபிள் சங்கம் தோன்றியது என்பார்கள்.

1837-இல் லூயிஸ் எட்வர்ட்ஸ் பாலாவில் ஒரு கல்லூரி தொடங்கினார். அங்கே படித்த தாமஸ் ஜோன்ஸ் என்ற மாணவர் 1841-இல் நம் இந்தியாவுக்கு வந்து, சிரபுஞ்சியில் தங்கி, காஸி மொழிக்கு ரோமன் எழுத்தில் எழுத்து முறை வகுத்துக் கொடுத்தார். வேல்ஷ் எழுத்துமுறையின் சாயல் காஸி அகரவரிசையில் இன்றும் தெரிகிறது. பாலாவில் படித்த பாடம் மேகாலய மலை மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் பாருங்கள்! கப்பெல் கெலினின் ஜெபக்கூடமும் அதே கால்வினிய மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்ததுதான்.

1880-களில் பாலாவிலிருந்து மலைகளைத் தாண்டி பிளைனை ஃபெஸ்டினியோக் என்ற சிலேட்டுக்கல் நகருக்கு ரயில் பாதை போட்டார்கள். அது இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. 1930-இல் கப்பெல் கெலினுக்கே ஒரு சின்ன நிறுத்தம் கிடைத்தது. பள்ளத்தாக்கில் கொஞ்சம் கீழே வ்ரொங்கோக் என்ற இடம். அங்கே மூடிக் கிடந்த விஸ்கி ஆலையைச் சிறை முகாமாக மாற்றியிருந்த அரசாங்கம், 1916-இல் டப்ளின் ஈஸ்டர் கிளர்ச்சியில் பிடிபட்ட ஐரிஷ்காரர்களை ஏறக்குறைய 1,800 பேர் அளவுக்கு அதில் அடைத்து வைத்தது. பிற்பாடு ஐரிஷ் விடுதலைப் போரை நடத்திய மைக்கேல் காலின்ஸ் அவர்களில் ஒருவர். உள்ளே போனவர்கள் பாடம் நடத்தி, திட்டம் தீட்டி, தேர்ந்த போராளிகளாக வெளியே வந்தார்கள். அதனால் அந்த முகாமையே புரட்சிப் பல்கலைக்கழகம் என்று பின்னால் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

லிவர்பூலின் தாகம்

இனி கதையின் மறுபக்கம். லிவர்பூல் இங்கிலாந்தின் பெரிய துறைமுக நகரம். 1951-இல் அதன் மக்கள்தொகை எட்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுகள் நகரத்தைப் பெயர்த்துவிட்டன. போர் முடிந்ததும் குடிசைப் பகுதிகளை இடித்து, குளியலறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள புது வீடுகள் கட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் வேண்டும். அந்த ஜனங்களின் தேவை பொய் இல்லை. இதைச் சொல்லாமல் லிவர்பூலை வெறும் வில்லனாக நிறுத்தினால் அது சரித்திரம் ஆகாது.

இன்னொன்று. லிவர்பூலும் வேல்ஷ்காரர்களும் அந்நியர்கள் அல்ல. வடக்கு வேல்ஸ்காரன் பிழைப்பு தேடிப் போகும் ஊரே லிவர்பூல்தான். அந்த நகரத்தின் வரிசை வீடுகள் பலவற்றைக் கட்டியவர்கள் வேல்ஷ் கட்டட மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும்தான். எய்ஸ்டெத்வொத் என்ற வேல்ஷ் மொழிப் பெருவிழா 1884, 1900, 1929 ஆகிய ஆண்டுகளில் லிவர்பூலிலேயே நடந்தது. தாமஸ் ஜோன்ஸை இந்தியாவுக்கு அனுப்பிய மிஷன் சங்கமே 1840-இல் லிவர்பூலில் உருவானதுதான். ஆக, அடித்தது வேற்றாள் இல்லை, அடுத்த வீட்டுக்காரன். வலி கூடுதலாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வேல்ஸ் மலைகளில் தண்ணீர் தேடுவது லிவர்பூலுக்குப் புதிதும் அல்ல. 1880-களில் வெர்ன்வி ஆற்றின் குறுக்கே பெரிய கல் அணை கட்டி, 68 மைல் நீளக் குழாய்ப் பாதை போட்டுத் தண்ணீர் கொண்டுபோனது. அப்போது மூழ்கிய ஊர் லானூதின். ஒரு மாதாகோவில், இரண்டு ஜெபக்கூடங்கள், முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. ஆனால் அணைக்குக் கீழே புது ஊர், புதுக் கோவில் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்து பர்மிங்காம் நகரம் ஈலான் பள்ளத்தாக்கில் 1893 முதல் 1904 வரை அணை வரிசையே கட்டிக்கொண்டது. வேல்ஸ்காரர்களுக்கு இந்த வரிசை நன்றாக ஞாபகம் இருந்தது.

பேப்பரில் வந்த சேதி

1955 டிசம்பர். தங்கள் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கப் போகிறார்கள் என்ற சேதி கப்பெல் கெலின் ஜனங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. கடிதம் இல்லை, கூட்டம் இல்லை. பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்! முதலில் டோலனோக் என்ற வேறொரு வேல்ஸ் கிராமத்தின் பெயர் அடிபட்டது. அது புகழ்பெற்ற வேல்ஷ் பக்திக் கவிஞர் ஆன் க்ரிஃபித்ஸின் பூமி என்பதால் எதிர்ப்பு கிளம்பியது. பார்வை ட்ரவெரின் பக்கம் திரும்பியது.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 1956-இல் கப்பெல் கெலின் பாதுகாப்புக் கமிட்டி அமைத்தார்கள். எலிசபெத் வாட்கின் ஜோன்ஸ் அதன் செயலாளர். கடிதங்கள் பறந்தன, ஊராட்சிகள், தொழிற்சங்கங்கள், சபைகள், பண்பாட்டுச் சங்கங்கள் என்று வேல்ஸ் பூராவும் தீர்மானங்கள் குவிந்தன. வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் தோள் கொடுத்தார். 1956 நவம்பர் 7-இல் அவரும் இன்னும் இருவரும் லிவர்பூல் மாநகர மன்றத்துக்குப் போய்த் தங்கள் தரப்பைச் சொல்ல எழுந்தார்கள். கூச்சல், மேஜையைத் தட்டல், கடைசியில் வெளியேற்றப்பட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 21-இல், ஊரே திரண்டு பஸ் ஏறி லிவர்பூலுக்குப் போனது. கிழவர்கள், தாய்மார்கள், பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் கையில் தட்டி பிடித்து நகர வீதிகளில் நடந்தார்கள். நீங்கள் ஒரு மகத்தான நகரமாக இருங்கள், பெரிய ரவுடியாக ஆகிவிடாதீர்கள் என்ற பொருளில் ஒரு தட்டி இருந்தது. கல் எறியவில்லை, ஒருவரையும் திட்டவில்லை. அன்று க்வின்வோர் எவன்ஸ் பேசுவதை மன்றம் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதே தவிர, முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

சட்டத்தின் சூட்சுமம்

சரித்திர மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சாதாரண வழியில் போயிருந்தால் அணை கட்ட வேல்ஸின் உள்ளூர்த் திட்ட அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அங்கே அனுமதி கிடைப்பது சந்தேகம். ஆகவே லிவர்பூல் கார்ப்பரேஷன் நேராக லண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு தனியார் மசோதாவைக் கொண்டுவந்தது. நாடாளுமன்றமே சட்டம் போட்டுவிட்டால் கீழே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

வேல்ஸுக்கு அப்போது 36 எம்.பி.க்கள். அவர்களில் ஒருவர் கூட மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடவில்லை. அந்தத் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. டி.டபிள்யூ. ஜோன்ஸ் கடுமையாக எதிர்த்தார். ஆனால் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருக்கும் அவையில் முப்பத்தாறு எம்மாத்திரம்? வேல்ஸ் விவகாரங்களுக்கு என்றே அமைச்சர் ஒருவர் இருந்தார், ஹென்றி ப்ரூக். அவரோ மசோதாவை ஆதரித்தார்! லிவர்பூல் மன்றத்தில் ஆண்டது தொழிற்கட்சி. லண்டனில் ஆண்டது கன்சர்வேட்டிவ் கட்சி. கட்சி வேறு வேறாக இருந்தும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கம். 1957 ஆகஸ்ட் 1-இல் அரச ஒப்புதல் கிடைத்து மசோதா சட்டமானது.

முறைப்படிதான் நடந்தது, சட்ட மீறல் ஒன்றும் இல்லை. அதுதான் வேல்ஸ்காரர்களை உலுக்கியது. விதிப்படி மனு கொடுத்தாச்சு, விதிப்படி ஊர்வலம் போயாச்சு, விதிப்படி எல்லா எம்.பி.யும் கைவிரித்தாச்சு. இத்தனைக்குப் பிறகும் ஒரு கிராமத்தைக் காப்பாற்ற ஒரு நாட்டால் முடியவில்லை என்றால், கோளாறு மனுவில் இல்லை, விதியிலேயே இருக்கிறது என்று ஜனங்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

கடைசி ஆண்டுகள்

1960 ஜனவரியில் பயணிகள் ரயில் நின்றது, மறு வருடம் சரக்கு ரயிலும் நின்றது. பாதை போகும் இடமே மூழ்கப் போகிறதே! 1963 ஜூலையில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1963 செப்டம்பர் 28-இல் ஜெபக்கூடத்தில் கடைசி ஆராதனை. பிறகு வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தார்கள். மரங்களை வெட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் எட்டுப் பேரின் எச்சங்களை மட்டும் குடும்பத்தார் வேறிடம் எடுத்துச் சென்றார்கள். மற்றவர்கள் அங்கேயே தங்கினார்கள். கல்லறைக் கற்களை அகற்றி, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் 67 பேர். அவர்களில் 48 பேர் வீடிழந்தார்கள். மூழ்கிய நிலம் ஏறக்குறைய 800 ஏக்கர். லானூதினுக்குக் கிடைத்தது போலப் புது ஊர் இவர்களுக்கு அமையவில்லை. ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்து போனார்கள். 48 பேர் என்பது பெரிய எண்ணிக்கையா என்று கேட்கலாம். எட்டு லட்சத்துக்கு முன்னால் 48 ஒன்றுமே இல்லைதான். ஆனால் ஊர் என்பது தலைகளின் கூட்டுத்தொகை அல்லவே. ஒரே கூரைக்குக் கீழே பாடியவர்கள் ஐம்பது இடங்களில் தனித்தனியே பாடினால் அது அந்தப் பாட்டு ஆகாது. வேல்ஷ் மட்டுமே ஒலித்த ஊர் கலைந்து, ஆங்கிலம் கலந்த தெருக்களில் அதன் பிள்ளைகள் வளர வேண்டியதாயிற்று. வேல்ஸ்காரர்கள் இழப்பைக் கணக்கிட்டது இப்படித்தான்.

சிலர் பொறுமை இழந்தார்கள். 1962-இல் அணை வேலை நடந்த இடத்தில் இரண்டு பேர் மின்மாற்றியின் எண்ணெயைத் திறந்துவிட்டார்கள், அபராதத்தோடு போயிற்று. 1963 பிப்ரவரியில், எங்கும் பனி மூடிக் கிடந்த ஓர் இரவில், மூன்று இளைஞர்கள் மின்மாற்றிக்கு வெடி வைத்தார்கள். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அவர்களில் எமிர் லெவெலின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர். 12 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. க்வின்வோர் எவன்ஸ் அமைதி வழியையே கடைசி வரை நம்பியவர். அவருக்கு இதில் உடன்பாடு இல்லை. வெடியால் அணை வேலை நிற்கவும் இல்லை.

1965 அக்டோபர் 21-இல் திறப்பு விழா. லிவர்பூல் பிரமுகர்கள் வந்து இறங்கினார்கள். எதிர்த்து வந்த கூட்டமோ நூற்றுக்கணக்கில். கோஷம், கல்வீச்சு, யாரோ ஒலிபெருக்கி வயரையே அறுத்துவிட்டார்கள். பேசியது யார் காதிலும் விழாமல் சில நிமிடங்களில் விழா முடிந்து போச்சு.

அந்த ஏரிக்கு லின் கெலின் என்று பெயர். சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் ஏறக்குறைய 43 மீட்டர். இங்கிருந்து லிவர்பூலுக்கு நேர்க் குழாய் எதுவும் கிடையாது. ஏரியிலிருந்து ட்ரவெரின் ஆற்றில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது பாலாவுக்கு அருகே டீ என்ற ஆற்றில் சேர்ந்து, வழியெல்லாம் ஓடி, செஸ்டர் நகருக்கு அருகே வரும்போது அங்கே இறைத்து, சுத்தம் செய்து, நகரங்களுக்கு அனுப்புவார்கள். மழைக்காலத்தில் சேமித்துக் கோடையில் ஆற்றைப் பெருக்கும் ஏற்பாடு. அணைக்குக் கீழே வேகமாகப் பாயும் அந்தத் தண்ணீரில் பிற்காலத்தில் படகு விளையாட்டும் வந்தது. 1981-இல் உலகப் படகுப் போட்டியே அங்கே நடந்தது.

மூழ்கியது மூழ்கவில்லை

சரி, ஊர் போயாச்சு. கதை முடிந்ததா? அங்கேதான் தொடங்குகிறது.

1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வேல்ஷ் மொழியின் கதி என்ன என்று வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். ட்ரவெரின் விவகாரம் அந்த உரையிலும் வந்தது. அதே ஆண்டில் மொழிக்காகப் போராட ஒரு சங்கம் பிறந்தது. அதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். 1964-இல் வேல்ஸுக்கென்று தனிச் செயலாளர் பதவி மத்திய அமைச்சரவையில் ஏற்பட்டது. ஜிம் க்ரிஃபித்ஸ் முதலில் அமர்ந்தார். 1966 ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில் க்வின்வோர் எவன்ஸ் வென்று, தம் கட்சியின் முதல் எம்.பி. ஆனார். 1967-இலும் 1993-இலும் வேல்ஷ் மொழிச் சட்டங்கள் வந்தன. 1997 வாக்கெடுப்பில் 50.3 சதவீதம் என்ற நூலிழையில் வேல்ஸ் தனக்கென ஒரு சட்டமன்றம் கேட்டுப் பெற்றது. 1999-இல் அது கூடியது. இவ்வளவுக்கும் கப்பெல் கெலின் ஒன்றே காரணம் என்று சொன்னால் மிகை. பல ஓடைகள் சேர்ந்துதான் ஆறு. ஆனால் அந்தத் தலைமுறைத் தலைவர்கள் பலர், அரசியலில் தாங்கள் கண் விழித்தது ட்ரவெரினால்தான் என்று சொன்னது உண்மை.

1960-களின் தொடக்கத்தில் மைக் ஸ்டீபன்ஸ் என்ற இளம் எழுத்தாளர், அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே கடலோர நெடுஞ்சாலையில் இடிந்து நின்ற ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு சொற்கள் எழுதினார். 'ட்ரவெரினை நினையுங்கள்' என்று பொருள். அதில் ஒரு சந்திப் பிழையும் இருந்தது! நாம் ஒற்று மிகும் மிகாது என்று பார்ப்பது போல, வேல்ஷில் சில சொற்களுக்குப் பின் வரும் சொல்லின் முதல் ஓசை மாற வேண்டும். ட்ரவெரின் என்பதன் தொடக்கம், 'டீக்கடை'யில் வரும் ஓசையிலிருந்து 'டாக்டர்' என்பதில் வரும் ஓசைக்குத் திரும்ப வேண்டும். அவர் மாற்றாமல் எழுதிவிட்டார். பிற்பாடு வந்து புதுப் பெயிண்ட் அடித்தவர்கள் இலக்கணத்தையும் திருத்தினார்கள். 2019-இல் அந்தச் சுவரை யாரோ கிறுக்கிப் பாழாக்கி, கொஞ்சம் இடித்தும் விட்டார்கள். உடனே என்ன ஆச்சு தெரியுமா? வேல்ஸ் முழுவதும் சுவர்களிலும் கொட்டகைகளிலும் அதே இரண்டு சொற்கள் முளைத்தன. ஒரு சுவரை இடித்து நூறு சுவரை எழுப்பிய கதை!

2005 அக்டோபர் 19-இல், நாற்பது ஆண்டு கழித்து, லிவர்பூல் மாநகர மன்றம் வருத்தம் தெரிவித்தது. அன்று மக்களின் உணர்வை மதிக்காமல் நடந்ததற்காக மன்னிப்பு என்றது. நல்ல காரியம் என்றார்கள் சிலர். காலம் கடந்த காரியம் என்றார்கள் சிலர். இரண்டும் சரிதான்.

நமக்கு என்ன?

ஏரிக்கரையில் ஒரு நினைவு ஜெபக்கூடம் இருக்கிறது. மூழ்கிய கல்லறைத் தோட்டத்தின் கற்கள் அங்கேதான் நிற்கின்றன. ஹாவோட் வாடோக் இருந்த இடத்துக்கு அருகே க்வேக்கர்களின் கதையைச் சொல்லும் ஒரு வெண்கலப் பலகை. கோடை வறண்டு ஏரி வற்றினால், பழைய சுவர்களும் பாதைகளும் சேற்றுக்கு நடுவே தலை காட்டும். அதைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள்.

ஆனால் கப்பெல் கெலினைப் பற்றி இன்றைக்கு இவ்வளவு விவரமாக எழுத முடிகிறதென்றால், அந்தக் கற்களால் மட்டும் அல்ல. ஜெஃப் சார்ல்ஸ் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய், பள்ளிப் பிள்ளைகளை, தபால் ஆபீஸை, ஊர்வலத்தை, இடிந்துகொண்டிருந்த வீடுகளை எல்லாம் படமாக்கினார். அந்தப் படங்கள் வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பாங்கர் நகரத்து ஃப்ரையர்ஸ் பள்ளி மாணவர்கள் கையில் காமிராவோடு போய், பள்ளத்தாக்கின் கடைசி நாட்களைத் திரைப்படமாக எடுத்து வைத்தார்கள். பள்ளிப் பையன்கள்! அவர்கள் அணையைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. ஆனால் ஊர் எப்படி இருந்தது, யார் எங்கே நின்றார்கள், எது முதலில் இடிந்தது என்பதற்கு இன்று அவர்கள் எடுத்த படம் சாட்சி.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கப்பெல் கெலின் கதையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, முடிவெடுக்கிற இடத்தில் பாதிக்கப்படுகிறவனுக்கு நாற்காலி இருந்ததா? எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். சட்டப் பக்கத்தில் பதில் பளிச்சென்று தெரியாது. யாரிடம் கேட்காமல் விட்டார்கள் என்று தேடினால்தான் தெரியும். இரண்டு, அந்தச் சின்ன இடத்தை யாராவது எழுதி வைத்தார்களா? பெரிய ஊர்களுக்கு எழுத ஆள் இருக்கும். பன்னிரண்டு வீட்டு ஊருக்கு அங்கே போய் வருகிறவன் எழுதினால்தான் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் கொண்டு போங்கள். பள்ளிக்கூடம் எந்த வருஷம் வந்தது, குளத்தை யார் வெட்டினார்கள், பழைய பாதை எங்கே போயிற்று என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கேட்ட தேதியையும் சொன்னவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள். அடுத்த சந்திப்பு மலருக்கு அதிலிருந்து ஒரு கட்டுரை வந்தால் நாங்கள் எல்லோரும் சந்தோஷமாகப் படிப்போம்.